பழைய வள்ளத்துக்குப் புதிய மூடி

நம் இதழில் இலக்கியமும் திருவிழாவும் பேசப்படும் பக்கங்களுக்கு நடுவே ஒரு பலகைத் துண்டைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பலகைத் துண்டு என்றாலும் ஆள் உயிரைத் தாங்குகிற பலகை அது. மீன்பிடி வள்ளத்தின் மேல்தட்டில் மீன் அறைக்கும், வலை அறைக்கும், ஐஸ் பெட்டிக்கும் வாய் வைத்திருப்பார்கள். அந்த வாய்களை மூடுகிற மூடிகளைத்தான் சொல்கிறேன். பழைய வள்ளத்தைப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சினுக்குக் கடன் வாங்குகிறார்கள், அடிப்பலகைக்குக் கடன் வாங்குகிறார்கள், முகப்பில் புனிதர் பெயரை எழுதுகிற பெயிண்டருக்குக்கூடப் பணம் ஒதுக்குகிறார்கள். மூடிக்கு மட்டும், கிடக்கிற பலகை போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இது சரியில்லை என்பது என் கட்சி. இதைச் சரிசெய்வது கடற்கரையில் இருப்பவர்களைவிட நகரத்துக்குள் இருக்கிற நம்மவர்களுக்குத்தான் எளிது என்பதும் என் கட்சி.

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இளவயதில் திருவனந்தபுரம் வந்து சாலைக் கடைத்தெருவில் ஒரு பிளைவுட் கடையில் நின்றவன் நான். ஸ்ரீவராகத்தில் வீடு, சாலையில் வேலை என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ராஜா கேசவதாஸ் திவானாக இருந்து உண்டாக்கிய அந்தக் கடைத்தெருவில் இன்றைக்கும் மலையாளத்துக்குச் சமமாகத் தமிழ் கேட்கும். கல்லாவில் இருப்பவரும் மூட்டை தூக்குபவரும் நம் ஊர்க்காரர்களாக இருப்பார்கள். பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து வள்ளக்காரர்கள் வந்து, "அண்ணாச்சி, எட்டுக்கு நாலு பலகை ஒண்ணு" என்பார்கள். எதற்கு என்று கேட்டால், "சும்மா, மூடிக்குத்தான்" என்பார்கள். அந்தச் 'சும்மா'தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எங்கள் தெருவிலிருந்து வலியதுறைக் கடப்புறத்துக்கு நடந்தால் ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் ஸ்ரீவராகம், கோட்டை, கரமனைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கடலைப் பார்ப்பது ஆராட்டுக்கும் ஆடி அமாவாசைக்கும்தான். சங்குமுகத்தில் இறங்கி, காலை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். வள்ளக்கடவு என்ற பெயரைப் பேருந்துப் பலகையில் தினம் பார்க்கிற நம் பிள்ளைகள், அது பார்வதி புத்தனாற்றில் வள்ளங்கள் வந்து ஒதுங்கிய கடவு என்று நினைப்பதில்லை. மகாராஜாக்கள் காலத்துப் படகுப்புரை ஒன்று அங்கே இருந்தது. அதைப் பழுதுபார்த்து இப்போது பல்லுயிர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். படகு நின்ற கட்டிடத்துக்குக் கிடைத்த கவனிப்பு கடலுக்குப் போகிற படகுக்கும் கிடைக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

வள்ளத்தில் மூடி எப்போது வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் விஷயம் விளங்காது. நம் கரையில் பண்டு கட்டுமரம். மிதவை மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. அதில் அறையும் இல்லை, மூடியும் இல்லை. அலை மேலே ஏறும், இடுக்கு வழியே இறங்கிவிடும். மரமே மிதப்பதால் முழுகிப் போகாது. அதோடு மரத்தைக் குடைந்து செய்த வள்ளங்கள் இருந்தன. மாமரம், ஆஞ்சிலி (நம் குமரி மாவட்டத்தில் ஐனி என்போமே, அதுதான்) ஆகியவற்றில் செய்வார்கள். வெயிலுக்கும் புழுவுக்கும் மீனெண்ணெயும் முந்திரித்தோட்டு எண்ணெயும் பூசி வைப்பார்கள். பெரிய மரங்கள் அருகி விலை ஏறியபோது இந்தத் தொழில் ஆட்டம் கண்டது. அந்தக் காலத்தில்தான் குமரி மாவட்டத்து முட்டத்தில், கோட்டாறு சமூகப் பணி நிறுவனத்தின் ஆதரவில், பிளைவுட்டால் சிறு படகு கட்டும் முயற்சி நடந்தது. பியர் கில்லே என்ற ஐரோப்பியப் பொறியாளர் அதில் உழைத்தார். அந்த அனுபவத்தை, பட்ட பாடுகள் உட்பட, 1985-ல் ஒரு ஆங்கில நூலாகவும் எழுதினார். நம் கரமனையில் தலைமையிடம் வைத்திருக்கும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ் என்று எல்லோரும் சொல்வது, 1980-களில் இந்தப் படகுகளைப் பல கரைகளில் கட்டிக் கொடுத்தது. வெளிப்பொருத்து எஞ்சின்களும் அதே காலத்தில் பரவின. பின்னர் ஃபைபர் வள்ளம் வந்தது.

பிளைவுட் வள்ளத்தின் மேல்தட்டு அழகுக்கு வைத்ததல்ல. திருவனந்தபுரத்துக் கரையில் விழிஞ்ஞம் போன்ற ஓரிரு இடங்களைத் தவிரப் பல ஊர்களில் வள்ளத்தை மணலிலிருந்து அலைக்குள் தள்ளித்தான் இறக்க வேண்டும், அலைக்குள்ளிருந்துதான் ஏற்ற வேண்டும். முகப்பில் அலை உடையும்போது தண்ணீர் மேல்தட்டில் விழுந்து பக்கவாட்டில் ஓடிவிட வேண்டும், அறைக்குள் இறங்கக் கூடாது. கட்டுமரத்தில் இந்தக் கவலையே இல்லை. அறை என்று ஒன்று வந்தவுடன், அதன் வாயை அடைக்கிற மூடியும் வள்ளத்தின் உடம்பில் ஒரு பங்காகிவிட்டது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அறுபது சென்டிமீட்டர் ஆழம் உள்ள அறை பெரிய அறை அல்ல. அதில் தண்ணீர் நிறைந்தால் 600 லிட்டர், அதாவது 600 கிலோ. பத்து ஆள்கள் சட்டென்று வள்ளத்தில் ஏறி நின்றதற்குச் சமம். ஆள்களாவது ஒரிடத்தில் நிற்பார்கள். தண்ணீர் நிற்காது. வள்ளம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். முதலப்பொழித் துறைமுக வாயிலில் வள்ளங்கள் கவிழ்ந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 2023 ஜூலையில் ஒரே விபத்தில் நால்வர் இறந்தார்கள். அங்கே அலையும் மணல்திட்டும்தான் காரணம், மூடி அல்ல. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட வாய்க்குள் தினமும் போய் வருகிற வள்ளத்தில், கையால் அழுத்தினால் சொதசொதவென்று அமுங்குகிற மூடி இருக்கலாமா?

தண்ணீர் ஒரு பக்கம். ஐஸ் இன்னொரு பக்கம். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டியில் ஐஸ் கரை சேருமுன்பே கரைந்துவிடும். மீன் கண் சிவந்து போனால் ஏலத்தில் விலை இறங்கும். பலகை செலவை மிச்சம் பிடித்தவர் அதை ஏலத்தில் இழக்கிறார். உளுத்த மூடியில் கால் வைத்து உள்ளே போய்க் கணுக்கால் முறிந்தவர்களையும் நான் கடையில் பார்த்திருக்கிறேன். ஒருவர் கட்டோடு வந்து புதுப் பலகை வாங்கினார். அப்போதும் விலை குறைந்ததாகத்தான் கேட்டார்!

மூடி ஏன் கெடுகிறது? மேலே வெயில், கீழே ஐஸ் ஈரம். மேல்புறம் காயும், கீழ்ப்புறம் ஊறும், பலகை வளையும். மேல்புறத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்தை வெறுமனே விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அடுத்தது ஓரம். பிளைவுட் ஏடு ஏடாக ஒட்டியது. அதன் மேல்முகம் தண்ணீரை ஓரளவு தாங்கும், வெட்டிய ஓரம் உறிஞ்சிக் குடிக்கும். மூன்றாவது, திருகாணிக் குழி. கீல் வைக்க நாலு குழி போட்டால் தண்ணீருக்கு நாலு வாசல்.

எனக்குத் தெரிந்த மூத்தாசாரி ஒருவர் குளச்சல் பக்கத்திலிருந்து வந்து முட்டத்தறையில் தங்கி, வள்ள வேலை செய்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் மூடி செய்கிற முறையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதல் நாள் அவர் பலகையைத் தொடவே மாட்டார். பழைய மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, வள்ளத்தின் வாயை நாலு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் அளப்பார். பழைய மூடியைப் பலகைமேல் வைத்துக் கோடு போட்டால் சீக்கிரம் முடியுமே என்று ஒருமுறை கேட்டேன்.

"அண்ணாச்சி, அளவை மூடியில எடுக்கப்படாது, வாயில எடுக்கணும். இந்த மூடி தண்ணி குடிச்சு வீங்கிக் கெடக்கு. இதப் பாத்து வெட்டினா வீக்கத்தத்தான் வெட்டுவோம்" என்றார்.

வாயின் விளிம்பில் ஒரு சிறு வாய்க்கால் ஓட வேண்டும், அதன் தண்ணீர் மேல்தட்டுக்கு வடிய வேண்டும். பழைய வள்ளங்களில் அந்த வாய்க்கால் மீன் செதிலாலும் பெயிண்டாலும் அடைத்துக்கொண்டிருக்கும். ஆசாரியார் உளியால் அதைச் சுரண்டித் திறந்த பிறகுதான் மூடிக்கே வருவார். பலகையை வாயின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் குறைத்து வெட்டுவார். ஃபைபர் மேட்டும் ரெசினும் ஓரத்தில் ஏறும்போது அந்தக் குறைவு நிரம்பிவிடும். அடியில் ஐனிச் சட்டம் இரண்டு குறுக்கே வைத்து ஒட்டுவார். ஓரம் முழுவதையும் ரெசின் குடிக்க விடுவார். ஒரு முறை அல்ல, குடிக்காமல் மேலே பளபளவென்று நிற்கும்வரை. மேல், கீழ் இரண்டு புறமும் ஒரே கனத்தில் மேட்டுப் போடுவார். கீலுக்குக் குழி போடும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வேண்டிய அளவைவிடப் பெரிய குழி போட்டு, அதை ரெசின் கலவையால் அடைத்து, அது இறுகிய பிறகு அதன் நடுவில் சிறிய குழி போடுவார். திருகாணி மரத்தைத் தொடவே தொடாது. தண்ணீர் இறங்கினாலும் மரத்துக்குப் போக வழியில்லை. இதே முறையை வெளிநாட்டுப் படகுத் தளங்களிலும் செய்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆசாரியார் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை.

ரெசின் வேலையில் இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரனின் பழக்கம், மன்னிக்கவும். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட் திரவத்தையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. இன்னொன்று, ஐஸ் பெட்டி மூடிக்குள் தெர்மோகோல் வைக்கிறவர்கள் அதன்மேல் சாதாரண பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் தெர்மோகோல் வெந்நீரில் போட்ட வெல்லம்போல் கரைந்துவிடும். எப்பாக்சி வேண்டும், அல்லது பி.யு. நுரைப்பலகை வேண்டும்.

இனி, மூடிக்குமேல் என்ன விரிப்பது? இதில்தான் அமெரிக்காவிலிருக்கும் என் தங்கை மகன் வருகிறான். டெக்சாஸில் வேலை. அங்கே ஏரிகளில் பாஸ் என்ற மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது பெரிய பொழுதுபோக்கு. 1940-களின் கடைசியிலிருந்து அதற்கென்றே தனிப் படகுகள் கட்டுகிறார்கள். அந்தப் படகின் மேல்தட்டு முழுக்க அறைகள், அறைகளுக்கு பிளைவுட் மூடிகள், மூடிகளின்மேல் கார்ப்பெட். நின்றுகொண்டு தூண்டில் வீசும்போது கால் வழுக்காமலும் சத்தம் கேட்டு மீன் ஓடாமலும் இருப்பதற்கு அது. நம் பையன் பழைய படகு ஒன்றை மலிவாக வாங்கி, கார்ப்பெட்டைக் கிழித்துப் பார்த்தால் மூடிகள் ஊறின ரொட்டிபோல் இருந்தனவாம். "மாமா, நீங்கதான் பலகைக் கடையிலே இருந்தவராச்சே, என்ன செய்யட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டான்.

ஆசாரியார் சொன்னதையே சொன்னேன். வாயின் அளவை எடு. பலகையை இரண்டு புறமும் ஓரத்திலும் எப்பாக்சியால் அடை. அதன் பிறகுதான் கார்ப்பெட். அது பாலிபுரொப்பிலின் இழையாக இருக்க வேண்டும். வீட்டில் விரிக்கிற, சணல் அடிப்பாகம் உள்ள ஜமுக்காள வகை அழுகிவிடும். கார்ப்பெட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஒவ்வொரு பக்கமும் மூடியைக் குறைத்து வெட்டு. இல்லாவிட்டால் ஒட்டி முடித்த பிறகு மூடி வாய்க்குள் இறங்காது. ஓரத்தை அடிப்புறமாக நாலு விரல் மடக்கி ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுப் பின் அடி. உன் படகு அலுமினியம் என்பதால், செம்பு உப்பு மருந்து ஏற்றிய மரத்தை அதன்மேல் படவிடாதே, செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். பையன் நாலு சனிக்கிழமையில் எல்லா மூடிகளையும் தானே முடித்துப் படம் அனுப்பினான். மூலைகளை எங்கள் ஆசாரியாரே பார்த்துத் தலையாட்டினார்.

ஆனால் கார்ப்பெட்டைப் பற்றி அவர் சொன்னது வேறு. "ஈரத் துணியோட பிள்ளையப் படுக்கவச்ச மாதிரியில்லா இருக்கு இது" என்றார். உண்மைதான். அந்த இழை அழுகாது. ஆனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியிலுள்ள மரத்தை அழுகவைக்கும். வாரக் கடைசியில் ஏரிக்குப் போய்வந்து, கொட்டகையில் மூடிவைக்கிற படகுக்கு அது சரி. தினமும் மீன் இரத்தமும் செதிலும் உப்புத் தண்ணீரும் படுகிற நம் வள்ளத்துக்கு ஆகாது. பத்து நாளில் நாற்றம் தாங்காது. வீட்டு மிதியடியையும் பழைய கார்ப்பெட்டையும் வள்ள மூடியில் ஆணி அடித்து வைக்கும் வழக்கம் இப்போது நம் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம்மவர்கள் வழக்கமாகச் செய்கிற முறையே மேல். கடைசிப் பூச்சு ரெசின் ஈரமாக இருக்கும்போதே, உப்புப் போகக் கழுவி உலர்த்தின சலித்த மணலைத் தூவிவிடுவார்கள். இறுகிய பிறகு உப்புத்தாள்போல் காலைப் பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் சுத்தம்.

ஆக, அமெரிக்கக் கார்ப்பெட்டை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. கணினி வேலை பார்க்கிற பையன் சனிக்கிழமை இழைப்புளி பிடிப்பதை அங்கே யாரும் கேவலமாக நினைப்பதில்லை. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, நல்ல வேலை என்று சொல்லிப் போகிறார்களாம். நம் தெருவில் அதே பையன் திண்ணையில் பலகை இழைத்தால், "இதுக்கா உன்னைப் படிக்க வச்சோம்?" என்று அவன் அம்மாவே (என் தங்கைதான்) கேட்டிருப்பாள்.

இங்கே சிலர் ஒரு மறுப்புச் சொல்வார்கள். பிளைவுட் வள்ளம் குறைந்துவிட்டது, எல்லாம் ஃபைபர் ஆகிவிட்டது, ஃபைபர் உளுக்காது, இனி மூடிக் கவலை எதற்கு என்பார்கள். ஃபைபர் வள்ளத்தின் மூடியைக் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள். பலவற்றில் நடுவே பிளைவுட்தான் இருக்கிறது. மேலும் கீழும் ஃபைபர், நடுவில் மரம். ஒரு திருகாணிக் குழி வழியே தண்ணீர் போனால் வெளியே வரவே வராது. வெளித்தோல் பளபளப்பாக இருக்க, உள்ளே மரம் கூழாகியிருக்கும். விரல் மொட்டியால் தட்டிப் பார்த்தால் தெரியும். நல்ல மூடி 'டக் டக்' என்று சொல்லும், கெட்டது 'தொப் தொப்' என்று சொல்லும். பழைய பிளைவுட் வள்ளத்திலாவது கேடு கண்ணுக்குத் தெரிந்தது.

இனி என் கட்சிக்கு வருகிறேன். வள்ள வேலை எப்போது நடக்கிறது? மழைக்காலத்தில். விசைப்படகுகளுக்குக் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைத் தடை. வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லைதான். ஆனாலும் இடவப்பாதியில் கடல் கொந்தளித்து நம் கரையில் பல வள்ளங்கள் ஏறிக் கிடக்கும். அப்போதுதான் வள்ளக்காரருக்கு நேரம் இருக்கும். ஆனால் ரெசின் வேலைக்கு அதைவிட மோசமான காலம் கிடையாது! மரம் ஈரம், காற்று ஈரம், தார்ப்பாய்க்கு அடியில் வேலை. ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது, பிடித்ததுபோல் காட்டிவிட்டு ஓணம் கழிந்ததும் ஏடு விட்டு எழும்பும். காய்ந்த மாசி, பங்குனியில் வேலை செய்யலாம் என்றால் அப்போது வள்ளம் கடலில் இருக்கிறது. ஒரு நாள் நிறுத்தினால் ஒரு நாள் கஞ்சி போச்சு. அதனால்தான் மூடி என்றைக்கும் அவசரத்தில், நனைந்த பலகையில் நடக்கிறது. கடற்கரைக்காரர்களின் அலட்சியம் என்று நம் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு சொல்வது நியாயமில்லை.

ஆனால் வள்ளத்தின் மற்ற உறுப்புகளுக்கு இல்லாத ஒரு வசதி மூடிக்கு உண்டு. அது கழன்று வரும். அடிப்பலகையை வள்ளத்தோடுதான் சரிசெய்ய வேண்டும். மூடிக்கு வள்ளம் பக்கத்தில் இருக்கவே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கரையில் இருக்கும்போது வாயின் அளவை எடுத்துக்கொண்டு வந்தால், மாசி மாதத்து நல்ல வெயிலில், கூரைக்குக் கீழே, ஸ்ரீவராகத்திலோ மணக்காட்டிலோ உள்ள ஒரு மரப்பட்டறையில் முழுச் செட் மூடிகளையும் செய்து உலர்த்தி வைக்கலாம். இடவப்பாதி வந்து வள்ளம் ஏறியதும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது அரை நாள் வேலை. நம்மவர்களால் அதிகம் முடியும் என்று முதலில் சொன்னது இதைத்தான். நகரத்து மரப்பட்டறைகளுக்கு வேலை குறைந்துகொண்டே போகிறது. கதவும் அலமாரியும் ஆயத்தமாக வந்து இறங்குகின்றன. குமரி, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பட்டறை வைத்த எத்தனையோ ஆசாரிகளின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். மூன்று மைலுக்குள் ஒரு கடற்கரை முழுக்க மூடி வேலை காத்திருப்பது அவர்களுக்கு எட்டவில்லை.

சாலை வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கடல் வேலைக்கான பிளைவுட் ஐ.எஸ். 710 தரம். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஏடு பிரியக் கூடாது என்பது அதற்கு வைத்த பரீட்சை. அலமாரி செய்கிற சாதாரணப் பலகையின் பசை தண்ணீரில் நிற்காது, ஒரே மழைக்காலம்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. 'மரைன்' என்று அச்சடித்துத் தரக் குறைந்த பலகை வருவதும் நமக்குத் தெரியாததல்ல. வாங்குகிறவர் "சும்மா, மூடிக்குத்தான்" என்று சொன்னால், மூடிக்கு என்பதாலேயே 710-ஐ எடுத்துக் கொடுக்க வேண்டும். விலை கூடுதல்தான். முழுப் பலகை வாங்க முடியாதவருக்கு வெட்டிக் கொடுப்பதில் கடைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நான் அப்படி வெட்டிக் கொடுத்ததற்கு, மிச்சத் துண்டு விற்காதே என்று முதலாளி முதலில் முகம் சுளித்தார். துண்டும் இன்னொரு வள்ளத்துக்கு மூடியாகப் போனது.

அரசாங்கத்தைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. 2020-ல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மரபு மீனவர்களுக்குப் பழைய படகுக்குப் பதில் புதுப் படகும் வலையும் தருவதற்கு உதவி உண்டு. நல்லது, வேண்டியதே. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இதே கரையின் வள்ளங்கள் லாரியில் ஏறிச் செங்ஙன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும் போய் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியபோது, மதிலிலும் மின்கம்பத்திலும் இடித்துக் காயத்தோடுதான் திரும்பின. நாம் எல்லோரும் கைதட்டினோம். கைதட்டலுக்குப் பிறகு பழுதுபார்ப்பு என்ற சலிப்பான வேலை இருக்கிறதே, அதற்கும் கூட்டுறவுக் கடன் மாசியிலேயே கிடைக்க வேண்டும், ஆடியில் அல்ல. தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு கற்கும் மாணவன் கதவு நிலை செய்வதோடு வள்ள மூடி ஒன்றும் செய்து காட்டட்டும். கேட்க வேண்டிய இடத்தில் நம் சங்கம் இதைக் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆசாரியாருக்கு இப்போது முழு வள்ளம் கட்ட உடம்பு ஒத்துழைப்பதில்லை. ஆனால் மூடி வேலை சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். கூலி வேண்டாம், காபி மட்டும் போதுமாம். வரும் மாசியில் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுப் பின்கொட்டகையில் நாலைந்து பேருக்கு இடம் உண்டு. பட்டறைக்காரர்களும் வரலாம், படிக்கிற பிள்ளைகளும் வரலாம், அம்மாக்கள் தடுக்காவிட்டால். வள்ளக்காரர்களைத் தெரிந்தவர்கள் அவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். வரும்போது பழைய மூடியைத் தூக்கிச் சுமந்துகொண்டு வர வேண்டாம். வாயின் நாலு பக்க அளவையும் இரண்டு மூலைவிட்டத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.